ஊர்ப்பெயர் வசவாகும்போது: கோத்தகிரிப் பக்கத்துக் குழுவில் இரண்டு இரவுகள்

எங்கள் வாட்சப் குழுவைத் தொடங்கியது கரடிக்காக. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேயிலைக்குள் கரடி படுத்திருக்கும், காட்டுமாடு ரோட்டை மறித்து நிற்கும். விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவரும் இலை எடுக்கப் போகிற பெண்களும் வழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குழு தேவைப்பட்டது. அப்புறம் அதில் மினி பஸ் நேரம் வந்தது, பச்சை இலை விலை வந்தது, சாவுச் செய்தி வந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர். அட்மின்கள் மூவர்: ஒரு டீச்சர், ஒரு பிக்கப் டிரைவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்.

2024 தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கக் குழந்தை கடத்தல் வதந்தி மறுபடி கிளம்பியது. காவல்துறை திரும்பத் திரும்ப மறுப்பு வெளியிட்டது. அந்த நாட்களில் எங்கள் குழுவில் இரண்டு இரவுகள் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். நான் செய்த தப்பு உட்பட மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

முதல் இரவு

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு ஒரு ஆடியோ வந்தது. ஐம்பது நொடிகூட இருக்காது. ஒரு பெண் குரல் மூச்சு வாங்கப் பேசுகிறது. "கம்பளி விக்கிற மாதிரி வடக்கத்தி ஆளுங்க நாலு பேரு வந்து புள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம பக்கம்தான். எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க." எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்றைக்கு என்று ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வரும் வடநாட்டு வியாபாரிகளை இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆடியோவைக் கேட்டவுடன் கண்முன்னே ஓர் உருவம் வந்து நின்றுவிடுகிறது.

அதன் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று அர்த்தம். ஜாக்கிரதை, யாரோ எவரோ அனுப்பியது என்று சொல்லத்தான் அந்தக் குறியை வைத்தார்கள். எங்கள் குழுவில் அதுவே சாட்சியாகிவிட்டது. "இத்தனை பேர் அனுப்பியிருக்காங்க, சும்மா இருக்குமா?" என்று ஒரு அண்ணன் எழுதினார். நல்ல மனிதர். சொந்தப் பேத்தியை நினைத்துப் பயந்துதான் எழுதினார்.

இருபது நிமிஷத்தில் ஒரு போட்டோ வந்தது. திருப்பமே அதுதான். பேக்கரி வாசலில் நின்று யாரோ எடுத்தது. இரண்டு வடநாட்டு இளைஞர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் தோளில் வாய் கட்டிய சாக்கு. கீழே ஒரே ஒரு வரி: "சாக்குல என்ன இருக்கு?"

அந்த போட்டோவில் அம்புக்குறி கிடையாது. எங்கள் ஊரிலேயே எடுத்தது, எங்கள் குழுவுக்கே முதலில் வந்தது. ஆடியோவில் முகமில்லாமல் இருந்த நாலு பேருக்கு இப்போது முதுகு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பாருங்கள். "மினி பஸ்ல இவனுங்களை ஏத்தாதீங்க." "புள்ளைங்களை வெளிய விடாதீங்க." "லயன்லதான் இருப்பானுங்க." லயன் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கடைசியாக, "பசங்க ரெடி, நைட்டு லயனுக்குப் போலாம்." மொத்தத்தில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சாதிப் பெயர் இல்லை, மதத்தின் பெயர் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நான் கடையில் இருந்தேன். பார்த்தபோது எட்டே கால். காவல் நிலையத்துக்கு போன் போட்டேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்று ஏட்டய்யா சொன்னார். டீச்சர் தோட்டத்து சூப்பர்வைசரை அழைத்து விசாரித்தார். போட்டோவில் இருந்த இருவரும் ஜார்க்கண்டிலிருந்து வந்து இலை எடுப்பவர்கள். கூலி வாங்கிய கையோடு சாமான் வாங்க இறங்கியிருக்கிறார்கள். சாக்கில் இருந்தது பத்து கிலோ ஆட்டாவும் உருளைக்கிழங்கும். அதற்குள் லயன் வாசலில் ஏழெட்டு பேர் டார்ச்சோடு வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே பெண்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் தெரிந்தது. சூப்பர்வைசரும் பிக்கப் டிரைவரும் போய் நின்று பேசித்தான் கூட்டம் கலைந்தது. ஜீப் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை.

நான் ஆடியோவையும் போட்டோவையும் எல்லாருக்கும் அழியும்படி நீக்கினேன். அட்மின்கள் மட்டுமே எழுத முடியும் என்று குழுவை மாற்றினேன். ஒரு விளக்கமும் எழுதிப் போட்டேன். அந்த விளக்கத்தில்தான் என் தப்பு இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழுவில் அழித்தால் குழுவில் மட்டும்தான் அழியும். அதற்குள் அந்த ஆடியோ ஸ்கூல் பெற்றோர் குழுவிலும், இலை வியாபாரிகள் குழுவிலும், பசங்களின் வாலிபால் குழுவிலும் ஓடிக்கொண்டிருந்தது. குழுவை மூடியதற்கும் ஒரு விலை இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு மாரியம்மன் கோயில் பின்னால் கரடி நின்றது. பார்த்த பால்காரருக்குக் குழுவில் எழுத வழியில்லை. தெரிந்த நம்பர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக போன் போட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

இதற்கு முன்னால் நடந்தது

இது எங்கள் மலைக்கு மட்டும் வந்த நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் பார்த்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லிக் கூட்டம் சேர்ந்து அடித்ததில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் வாட்சப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி தடுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அதனால் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் எழுபது சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது.

அந்தத் தடை பயனுள்ளது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இருநூறு பேர் இருக்கும் மலையூர்க் குழுவும் ஒரு சாட்டுதான். ஒருவர் ஒரு குழுவுக்கு அனுப்பினாலே இருநூறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2023 மார்ச்சில் எதிர்ப்பக்கமாகவும் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமே இல்லாத வீடியோக்களை வைத்து வடக்கே வதந்தி கிளப்பினார்கள். பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த பையன்கள் அந்த வீடியோக்களை என்னிடம் காட்டி, "சச் ஹை கியா, அண்ணா?" என்று கேட்டார்கள். உண்மையா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருஷமே லயன் வாசலில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தபோது அவர்கள் என் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

இரண்டாம் இரவு

நான் போட்ட விளக்கத்தில், ஆடியோவை எங்கள் குழுவில் முதலில் போட்ட பையனின் பெயரைச் சேர்த்து, "இந்தத் தம்பி அனுப்பியது பொய்" என்று எழுதியிருந்தேன். பத்தொன்பது வயசு. அவனுக்கு வேறொரு குழுவில் வந்தது, பயத்தில் அனுப்பினான். அவ்வளவுதான். அவன் இருப்பது லயன் வீட்டில். தாத்தாவும் பாட்டியும் எழுபதுகளில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

நீலகிரியை அறியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் கேட்டு எண்ணவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் பலர் இந்த மலைக்கு வந்தார்கள். 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுடைய மூன்றாம் தலைமுறை வளர்கிறது. சட்டப்படி அவர்கள் தாயகம் திரும்பியோர். பேச்சுவழக்கில் 'சிலோன்காரங்க'. அந்தச் சொல்லை நலம் விசாரிக்கும்போதும் சொல்வார்கள், வாய்ச்சண்டையிலும் சொல்வார்கள். எது எந்தத் தொனி என்பது கேட்கிறவருக்குத் தெரியும்.

வியாழன் சாயங்காலம் குழுவைத் திறந்தேன். திறந்த ஐந்தாவது நிமிஷத்தில் தொடங்கியது. "சிலோன் புத்தி வேற எப்படி இருக்கும்?" "கப்பல்ல வந்ததெல்லாம் நமக்கு நியூஸ் சொல்லுது." "மறுபடி அனுப்பிவிடுங்க." சிலர் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார்கள். முந்தின நாள் டார்ச்சோடு போனவர்களில் இருவர் இதில் முன்னால் நின்றார்கள். தங்கள் மேல் இருந்த பழியை இறக்கிவைக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

நான் எல்லாவற்றையும் படித்தேன். அழிக்கவில்லை. வதந்தியைக் கண்டிக்கிறார்கள், நம் பக்கம் பேசுகிறார்கள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. டீச்சர் போன் செய்து, "அதை எடுத்துடுங்க சார், நல்லா இல்லை" என்றார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இரவு பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பையன் குழுவை விட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவன் பாட்டி கடைக்கு வந்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இரண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "தம்பி, அவன் பேரை அதுலேருந்து எடுத்துவிட ஏலுமா? வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்" என்றார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "மண்டபத்துல இறங்கின நாள்லேருந்து கேக்கிற பேச்சுதான். அவனுக்குத்தான் புதுசு" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவருடைய தங்கை இன்னும் கண்டிப் பக்கம்தான் இருக்கிறார். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்தபோது, இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்சப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரம் போல முடக்கியது. தங்கையோடு பேச முடியாமல் தவித்ததைப் பாட்டி அன்றைக்கு என் கடையில் நின்றபடி சொன்னார். முடக்குவதற்கு முன்னால் பல மாதங்களாக அங்கே ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் கொலை வெறிப் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. புகார் செய்தவர்களுக்கு, விதிமீறல் இல்லை என்று பதில் போனது. சிங்களம் படித்துப் புரிந்துகொள்ளப் போதிய ஆட்கள் நிறுவனத்தில் இல்லை. தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது. அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

புகாரும் பதிலும்

பேக்கரி வாசலில் எடுத்த அந்த போட்டோவை யாரோ ஒரு வீடியோ தளத்தில் பாட்டோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேலே ஆங்கில எழுத்தில் தமிழ். கீழே நூற்றுக்கணக்கில் கமெண்ட். நான் புகார் செய்தேன். சில மணி நேரத்தில் பதில் வந்தது: சமூக விதிகளை மீறவில்லை. அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. எதிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், காரணத்தைச் சொல்கிறேன்.

பெரிய தளங்களில் முதல் சல்லடை இயந்திரம்தான். பழைய பதிவுகளில் மனிதர்கள் தப்பு, சரி என்று குறித்துக் கொடுத்ததைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. தமிழில் அப்படிக் குறித்துவைத்த பதிவுகள் குறைவு. ஆங்கில எழுத்தில் கலந்து எழுதும் தமிழுக்காக ஆய்வாளர்கள் 2020இல் யூடியூப் கமெண்டுகளைத் திரட்டியபோது பதினைந்தாயிரம் சொச்சம்தான் சேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் சினிமா டிரெய்லருக்குக் கீழே வந்தவை. அதில் பழகிய இயந்திரத்துக்கு 'சாக்குல என்ன இருக்கு' என்பது வெறும் கேள்வி. 'சிலோன்' ஒரு நாட்டின் பழைய பெயர். 'கப்பல்' ஒரு வண்டி. 'லயன்' என்பதை அது சிங்கம் என்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. கண்ணுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையைப் பிடிக்கும், ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

வாட்சப்பில் அந்தச் சல்லடையும் இல்லை. 2016லிருந்து செய்திகள் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே பூட்டப்பட்டிருக்கின்றன. நாம் ரிப்போர்ட் செய்தால் மட்டும் கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். அந்தப் பூட்டு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதைத் திறந்துவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வது ஏழைகளும் அரசை எதிர்த்துப் பேசுகிறவர்களும்தான். ஆனால் பூட்டு இருக்கும்வரை, உள்ளே நடப்பதைப் பார்க்கக்கூடியவர்கள் உள்ளே இருக்கும் நாம் மட்டுமே.

தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021இன்படி ஒவ்வொரு பெரிய தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. நான் அந்த வழியிலும் எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று விளக்கி, லயன் வாசலில் கூட்டம் கூடியதையும் சேர்த்து எழுதினேன். பதினோராம் நாள் வீடியோவை எடுத்துவிட்டார்கள். விளக்கிச் சொன்னால் ஒரு மனிதர் படிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதைப் படிப்பவர்கள் பொத்தானை அமுக்கிவிட்டு ஓய்ந்துவிடாமல், இரண்டு பத்தி எழுதி அனுப்புங்கள். ஆனால் எங்களுக்கு ஆபத்து இருந்தது புதன் இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை. பதினோராம் நாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம், விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது. "நைட்டு லயனுக்குப் போலாம்" என்பதைத் தூண்டுதல் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரிவினருக்கிடையே பகை மூட்டுவதற்கும் வதந்தி பரப்பித் தூண்டுவதற்கும் எதிராக அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 505 பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவற்றுக்குப் பதில் 196, 353. காவல்துறை அந்தப் பையன்களை அழைத்து எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது. "சிலோன் புத்தி" என்று எழுதியவர் மேல் வழக்குப் போட முடியுமா என்பது வேறு கேள்வி. வழக்கே இருக்கக்கூடாது என்றுதான் நான் சொல்வேன். அது எங்கள் குழு சரிசெய்ய வேண்டிய விஷயம். அன்றைக்கு அதைச் செய்ய வேண்டியவன் நான்.

பிக்கப் டிரைவர் அடுத்த வாரமே அட்மின் பொறுப்பை விட்டுவிட்டார். குழுவில் யார் என்ன போட்டாலும் அட்மினைத்தான் பிடித்துப்போவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அட்மின் என்பதைத் தவிர ஒருவர் வேறொன்றும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கச் சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு, விடுங்கண்ணா" என்றார். லயன் வாசலில் போய் நின்றவர் அவர்தான். கோர்ட்டுதான் அவருக்குப் பயம்.

கரடிக்கு இருந்த ஒழுங்கு

டீச்சர் ஒரு நாள் குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கரடி செய்தி எப்படி வருது பாருங்க" என்று காட்டினார். "காலை 5.40, தண்ணித்தொட்டி மேல்பக்கம், நானே பார்த்தேன், குட்டியோட இருக்கு." ஒவ்வொன்றும் இப்படித்தான். யாராவது "கரடி வந்திருக்காம்" என்று போட்டால் உடனே நாலு பேர், "யார் பார்த்தது? எங்கே?" என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். பொய்யான கரடிக்காக ஒரு நாள் கூலியை இழக்க யாரும் தயாராக இல்லை. வருஷக்கணக்காக நாங்களே உருவாக்கிய ஒழுங்கு அது. மனிதர்களைப் பற்றி ஆடியோ வந்தபோது அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

அதையே விதியாக்கினோம். ஆளைப் பற்றி எது போட்டாலும் யார் பார்த்தது, எங்கே, எப்போது என்பது இருக்க வேண்டும். தெரியாத ஆளின் போட்டோ கூடாது. தப்பான செய்தியை மறுக்கும்போது அனுப்பியவர் பெயரைப் போடக்கூடாது, அவரைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். முழுக் குழுவையும் மூட மாட்டோம். பிக்கப் டிரைவரின் இடத்துக்கு லயனிலிருந்து ஒரு அக்காவைக் கொண்டுவந்தோம். தோட்டத்தில் நான்கு வருஷமாக இருந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்ட ஒரு ஜார்க்கண்ட் பெண்ணையும் உறுப்பினராகச் சேர்த்தோம். அன்றைக்கே மூன்று பேர் குழுவை விட்டு விலகினார்கள். அதில் ஒருவர் என் சொந்தக்காரர், இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பையனின் பெயர் இருந்த விளக்கத்தை நீக்க முடியவில்லை. அனுப்பி நாட்கள் ஓடிவிட்டன, எல்லாருக்கும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டது. குழுவில் பெயர் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வீட்டுக்கும் போனேன். பாட்டி டீ கொடுத்தார். பையன் வெளியே வரவில்லை. குழுவில் இன்றுவரை சேரவுமில்லை.

போட்டோவில் இருந்தவரை மாதத்தில் இரண்டு தடவையாவது பார்க்கிறேன். கூலி வாங்கிய அன்று சாமான் வாங்க இறங்குவார், ரீசார்ஜ் செய்ய என் கடைக்கும் வருவார். அதே சாக்குதான். முன்பு போல வாயைக் கட்டுவதில்லை. மேலே உருளைக்கிழங்கு எல்லார் கண்ணிலும் படும்படி விரித்து வைத்து, ஒன்றிரண்டு உருண்டு விழுந்தால் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, மேட்டில் ஏறிப் போகிறார்.